கல்யாணத்துக்குள் எழுந்துவிடுவாள்

மயூர் விஹார், டெல்லி
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள வள்ளிக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் சகலை ஜெயராமும் கனிமொழியும் சுகம்தானே? உன் காது மெஷின் சரியாகிவிட்டதா, இல்லை இன்னும் விசில்தான் அடிக்கிறதா? போனில் நான் கத்த, நீ "என்ன, என்ன" என்று கேட்க, பக்கத்து ஃபிளாட்காரர்களுக்கெல்லாம் நம் குடும்ப விஷயம் தெரிந்ததுதான் மிச்சம். வாட்ஸாப்பில் தட்டுவதற்கோ என் விரல் வணங்கவில்லை. தபாலே நமக்கு நல்லது.

பதறாமல் படி. உன் அக்காவுக்கு முதுகெலும்பில் ஓர் எலும்பு நசுங்கிவிட்டது. விழக்கூட இல்லை. கோவிலிலிருந்து பேட்டரி ரிக்‌ஷாவில் வந்திருக்கிறாள். பின்பக்கம் பார்த்த இருக்கை. வண்டிக்காரன் வேகத்தடையில் ஜல்தியாக ஏற்றி இறக்கியதில் தூக்கிப் போட்டிருக்கிறது. அதோடு மூன்று மாடி ஏறி வந்து, எனக்குக் காப்பியும் போட்டுக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் "முதுகு என்னமோ பண்ணுது" என்றாள். ஸ்கேன் எடுத்ததில் எலும்பெல்லாம் அடர்த்தி குறைந்து கிடக்கிறதாம். அதற்கு மாத்திரை, ஊசி, இடுப்புக்கு ஒரு பெல்ட் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள்.

டாக்டர் ஓய்வு என்றார். நான் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டேன். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, டம்ளர்கூடத் தூக்கக் கூடாது என்று உத்தரவு. முப்பது வருஷம் மத்திய அரசில் ஃபைல்களைக் கட்டி மேய்த்தவன், ஒரு முதுகை மேய்க்க மாட்டேனா? தை மாதம் கனிமொழி கல்யாணத்துக்குள் எழுந்துவிடுவாள். அதற்கு நான் பொறுப்பு.

எல்லோருக்கும் என் அன்பு.
பாலசுப்ரமணியம்

பாளையங்கோட்டை
9 செப்டம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

வள்ளி வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். கடிதத்தைப் பிரித்து இரண்டாவது பாராவுக்கு வந்ததும் உங்கள் சகலையிடம் நீட்டிவிட்டேன். இவர்கள் வாங்கிச் சத்தமாகப் படித்தார்கள். அதுவும் எனக்குப் பாதிதான் கேட்டது.

நீங்கள் பக்கத்தில் இருப்பது எனக்கு எவ்வளவு தெம்பு தெரியுமா? இந்த ஊரில் பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றால்கூட, "சோறு ஆச்சா?" என்று கேட்கிற ஆண்கள்தான் அதிகம். நான் யாரைச் சொல்கிறேன் என்று பக்கத்தில் இருந்து படிப்பவருக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு மண்டபம் சொல்லியாகிவிட்டது. கனி ஒரே பிடிவாதமாக இருக்கிறாள். மணவறைக்குத் தன் கையைப் பிடித்து அழைத்து வருவது பெரியம்மாதானாம். சின்னப் பிள்ளையில் டெல்லிக்கு வந்தபோது அக்கா கையை விடாமல் திரிந்தாளே, அந்தப் பிடிவாதம் இன்னும் போகவில்லை. அதனால் அத்தான், எப்படியாவது அக்காவைத் தேற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். முடிந்தால் அடுத்த கடிதத்தில் அக்கா கையால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
வள்ளி

மயூர் விஹார்
2 அக்டோபர் 2024

அன்புள்ள வள்ளிக்கு,

அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காலையில் பூங்காவில் ஒரு மணி நேரம் நடப்பதை நான் விடுவதே இல்லை.

உன் அக்கா காந்திமதி நன்றாகவே தேறிவருகிறாள். வலி இருக்கிறதா என்றால் இல்லை என்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அழைப்பு மணி வைத்திருக்கிறேன். அமுக்கினால் நான் ஆஜர். சமையலுக்கு ஆள் போட்டுவிட்டேன். அந்த அம்மாள் சாம்பாரில் வெல்லம் போடுகிறாள் என்பதைத் தவிர வேறு குறையில்லை. காந்திமதிக்குக் கால் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. படுத்தே இருந்தால் யாருக்கும் அப்படித்தான். எழுந்து நாலு வேளை சாப்பிட்டால் தேறிவிடும்.

வெளியே நடக்கட்டுமே என்று அக்கம்பக்கத்தில் சிலர் யோசனை சொல்கிறார்கள். யோசனை சொல்லக் காசா பணமா? மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே போனால் தெருநாய். இன்னும் கொஞ்ச நாளில் புகைமூட்டமும் வந்துவிடும். நானிருக்கும்போது அவள் எதற்கு நடக்க வேண்டும்?

ஒரு வரி எழுதச் சொன்னாயே, உட்கார்ந்து எழுதினால் முதுகுக்கு ஆகாது என்று நான்தான் வேண்டாம் என்றேன். "சுகம்னு போடுங்க" என்றாள். போட்டுவிட்டேன்.

கனிமொழிக்கு என் ஆசிகள்.
அத்தான்

மயூர் விஹார்
21 அக்டோபர் 2024

என் வள்ளிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, கோணல்மாணலாகத்தான் வரும். உன் அத்தான் நடைப் பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள். இதை எதிர் ஃபிளாட் மாதங்கியிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப்போகிறேன். பதிலையும் அவள் பெயருக்கே எழுது.

டாக்டர் ஓய்வு என்று சொன்னது நிஜம்தான். ஆனால் அது வலி கடுமையாக இருந்த முதல் சில நாளுக்கு மட்டும். அப்புறம் எழுந்து நடக்க வேண்டும், படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் கரையும் என்றும் அவரேதான் சொன்னார். பிசியோதெரபிக்கு ஒரு பெண்ணை அனுப்பியும் வைத்தார். ஸ்நேஹா என்று பெயர், இங்கேயே பிறந்து வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளை. என்னை நாற்காலியில் உட்கார்த்தி எழுப்பினாள். வலியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவுதான், இவர்களால் அதைப் பார்க்க முடியவில்லை. அவள் "எப்படிக் குனியணும், எப்படிக் குனியக் கூடாதுன்னு நாளைக்குச் சொல்லித்தர்றேன் ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பணத்தைக் கையில் கொடுத்து, "வர வேண்டாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்பில்தான் செய்கிறார்கள். அதுதான் எனக்கு மூச்சு முட்டுகிறது. வலி என்று சொன்னால் பாத்ரூமுக்கும் நடக்க விடமாட்டார்கள். அதனால் எப்போதும் இல்லை என்றே சொல்லிவிடுகிறேன். ஆனால் வள்ளி, போன வாரம் எழுந்து நின்றேன், என் காலே எனக்கு அடங்கவில்லை. இப்படியே கிடந்தால் கனியின் கையை நான் எங்கே பிடிப்பது?

அதனால் அவர்கள் வெளியே போனதும் எழுந்துவிடுகிறேன். அந்தப் பிள்ளை காட்டியபடி உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். கூடத்தில் நடக்கிறேன். மற்றதெல்லாம் போனில் வருகிற வீடியோவைப் பார்த்துச் செய்கிறேன். நீ யாரிடமும் மூச்சுவிடாதே.

உன் காதைக் கவனித்துக்கொள்.
அக்கா

பாளையங்கோட்டை
4 நவம்பர் 2024

என் அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே எனக்குத் தீபாவளி. நீ கள்ளத்தனம் செய்கிறாய் என்று நினைத்துச் சிரிப்பும் வருகிறது, அத்தானை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. அவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பலகாரம், புடவை, மழை என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

விடாமல் செய் அக்கா. எங்கள் தெருவில் காலையில் யோகா வகுப்பு நடக்கிறது. என்னைவிட மூத்த அம்மாள் ஒருத்தி குனிந்து பெருவிரலைத் தொடுகிறாள். "முதுவு வளையணும்ட்டி, வளைஞ்சாதான் வலி போவும்" என்கிறாள். நானும் பழகுகிறேன், முழங்காலைத் தாண்டிவிட்டேன். நீயும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து பாரேன். சின்ன வயதில் நீதான் நன்றாக வளைவாய். கல்யாணத்துக்கு வரும்போது யார் முதலில் தொடுகிறோம் என்று பார்ப்போம்.

கனிக்குக் கூறைப் புடவை எடுத்தாகிவிட்டது, அரக்கு. உனக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்து கனி ஒரு ஆட்டம் போட்டாள்.

சீக்கிரம் எழுது. உன்னைக் கட்டிக்கொள்கிறேன்.
வள்ளி

மயூர் விஹார்
26 நவம்பர் 2024

வள்ளி கண்ணு,

சுகமா? இங்கே ஒரே புகை. ஜன்னலைத் திறக்க வழியில்லை. அவர்கள்கூட இரண்டு நாள் நடக்கப் போகவில்லை. எனக்குத்தான் தவிப்பாக இருந்தது.

கால் இப்போது என் சொல் கேட்கிறது. சமையல் மேடையைப் பிடிக்காமல் நிற்கிறேன். நேற்று நான் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, நான் கொடுத்த ரெஸ்ட் வேலை செய்யுது!" என்று அவர்களுக்குத் தாங்க முடியாத பெருமை. நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

நீ சொன்னதையும் செய்கிறேன். முழங்காலுக்குக் கீழே போய்விட்டேன். குனியும்போது நடுமுதுகில் ஒரு பிடிப்பு இருக்கிறது. வெகுநாள் குனியாததுதான் காரணமாக இருக்கும். ஊரில் வந்து இறங்கும்போது உன்னைத் தோற்கடிக்கிறேன்.

ரயில் டிக்கெட்டை இவர்களிடம் எப்போது பேசுவது என்று யோசிக்கிறேன். மார்கழி பிறந்ததும் ஒரு நாள் அவர்கள் வரும்போது வாசல் கதவை நானே திறந்துவிடப்போகிறேன். முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

கனிக்கு முத்தம்.
அக்கா

மயூர் விஹார்
22 டிசம்பர் 2024

வள்ளிக்கு,

அனைவரும் நலமா? இங்கே நலமில்லை.

போன வாரம் பூங்காவிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தால், காந்திமதி கூடத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். நாற்காலி மேல் போன் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு குனிந்து காலைத் தொட்டுக்கொண்டிருந்தாள். உன் அக்கா கட்டிலில் படுத்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வேளையெல்லாம் இதைத்தான் செய்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல். நான் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்க ஆள் தேடித் தெருவில் ஓடினேன்.

இன்னோர் எலும்பு நசுங்கியிருக்கிறது. பழையதற்கு மேலே. எலும்பு வலுவிழந்தவர்கள் முதுகை வளைத்து முன்னால் குனிந்தால் எலும்பின் முன்பக்கம் அப்படியே நசுங்குமாம். "இது யார் சொல்லிக்கொடுத்த பயிற்சி?" என்று டாக்டர் கேட்டார். காந்திமதி போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். "நான் அனுப்பிய பெண் வரவில்லையா? வலி குறைந்ததும் நடக்கத்தானே சொன்னேன்?" என்றார். காந்திமதி என்னைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

டாக்டர் ஓய்வு சொன்னார் என்று உனக்கு எழுதினேன். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த பாதியை மட்டும் எழுதினேன், வள்ளி.

கல்யாணத்துக்கு வர இயலாது. கனிமொழியிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு அந்தப் பிள்ளையிடம் பேச வாயில்லை.

பாலசுப்ரமணியம்

பாளையங்கோட்டை
4 ஜனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். அக்காவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? உங்களுக்கு?

நல்ல வார்த்தை சொல்லித் தேற்றத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அக்கா எழுந்து நடப்பது எனக்கு அக்டோபரிலிருந்தே தெரியும், அத்தான். எனக்குத் தனியாக எழுதினாள். உங்களிடம் சொல்லாமல் மறைத்தேன். அது மட்டுமில்லை. குனிந்து காலைத் தொடச் சொன்னது நான். டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் நான்தான். யாரோ ஒரு அம்மாள் தெருவில் செய்கிறாள் என்று, முதுகு உடைந்தவளுக்கு நான் வைத்தியம் எழுதினேன்.

அவள் உங்களிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று தெரிகிறது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபமாக நாலு வரி எழுதுங்கள். வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வள்ளி

பாளையங்கோட்டை
17 பிப்ரவரி 2025

என் அக்காவுக்கு,

உடம்பு தேவலையா? அத்தானிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. கல்யாணத்துக்கு நீங்கள் அனுப்பிய பணமும் வாழ்த்துத் தந்தி மாதிரி இரண்டு வார்த்தையும் வந்தன. அது அவர்கள் கையெழுத்துதான். ஆனால் என்னைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை பக்கம் தங்கமான மனிதர்கள். கனியை மணவறைக்கு அழைத்துவரச் சித்தி ஒருத்தி கையை நீட்டினாள். கனி, "இல்ல சித்தி, நானே வாரேன்" என்றாள். தனியாகவே நடந்து வந்தாள். போட்டோக்காரர் "கூட யாராவது வாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அது கேட்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பார்த்து மெஷின் நன்றாகத்தான் வேலை செய்தது.

உன் புடவையைப் பீரோவில் வைத்திருக்கிறேன். அத்தான் என் மேல் கோபமாக இருந்தால் நீ சொல்லிவிடு அக்கா. இப்படித் தெரியாமல் இருப்பது தாங்கவில்லை.

வள்ளி

மயூர் விஹார்
20 மார்ச் 2025

வள்ளி,

நல்லா இருக்கியா? உன் கடிதத்தை மார்பில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அழுது முடித்துவிட்டேன், இனி வேறு பேசுவோம்.

ஸ்நேஹா மறுபடி வருகிறாள். இவர்களே அவள் வேலை செய்யும் கிளினிக்குக்குப் போய்க் காத்திருந்து கூட்டிவந்தார்கள். "மன்னிச்சிடும்மா" என்றார்களாம். அவள் "அரே அங்கிள், அதெல்லாம் விடுங்க" என்றாளாம். எதையாவது எடுக்க வேண்டுமானால் முதுகை நேராக வைத்து, இடுப்பிலும் முழங்காலிலும் மடங்க வேண்டுமாம். சுவரில் சாய்ந்து நின்று முதுகை நிமிர்த்துகிறேன். மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குகிறேன். திரும்புவதென்றால் உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டும், இடுப்பை முறுக்கக் கூடாது. ராகி, தயிர், பால்கனி வெயில், எலும்புக்கு ஊசி. இவ்வளவுதான் விஷயம். அப்போதே இன்னும் ஒரு நாள் அந்தப் பிள்ளையை வரவிட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

நான் உயரம் குறைந்துவிட்டேன். சாமி அலமாரி எட்டவில்லை. முதுகு வளைந்தது வளைந்ததுதானாம், இனி மேலும் வளையாமல் பார்த்துக்கொள்ளலாம். இவர்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே கூட வருகிறார்கள். "அங்கிள், சோடோ! விடுங்க!" என்று ஸ்நேஹா அதட்டுகிறாள். விடுகிறார்கள், அடுத்த நிமிஷம் பிடிக்கிறார்கள்.

எனக்கு இவர்கள் மேல் கோபம் இருக்கிறது. போகவில்லை, பொய் சொல்வானேன். உன் மேல் இல்லை. நீ பக்கத்திலிருந்து பார்த்தவளா? அவர்களுக்கும் உன் மேல் கோபம் இருக்கிற மாதிரி தெரியவில்லை. எழுத உட்காருகிறார்கள். "அன்புள்ள வள்ளிக்கு" என்று போடுகிறார்கள். அப்புறம் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா

மயூர் விஹார்
29 ஏப்ரல் 2025

அன்புள்ள வள்ளிக்கு,

நீ சுகமா? ஜெயராமையும், புது வீட்டில் குடியேறியிருக்கும் கனிமொழியையும் விசாரித்ததாகச் சொல். இந்தக் கடிதம் மிகவும் தாமதமாக வருகிறது. உன் மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். இல்லையம்மா. உன்னிடம் சொல்ல முடிந்ததை அவளால் என்னிடம் சொல்ல முடியாமல் போயிருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே கட்டிலுக்குப் பக்கத்தில் மணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம். அதை எழுத எனக்கு இத்தனை மாதம் பிடித்தது. நீ தெரியாமல் சொன்னாய். எனக்கு டாக்டர் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

நேற்று அவள் மாடியிறங்கினாள். நாற்காலியில் தூக்கிப் போகலாம் என்று இரண்டு ஆட்களை வரச் சொல்லியிருந்தேன். ஸ்நேஹா அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள். என்னையும் கீழே போகச் சொல்லிவிட்டாள். "நீங்க பக்கத்துல இருந்தா ஆன்ட்டி உங்களையேதான் பாக்கறாங்க, படியைப் பாக்கறதில்லை" என்றாள். ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் நின்றேன். மேலே கைப்பிடிக் கம்பியைப் பற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு திருப்பத்தில் சத்தம் நின்றது. வெகுநேரம் நின்றது. நான் படியில் கால் வைத்தேன், எடுத்துவிட்டேன்.

வந்துவிட்டாள். முதலில் என் செருப்பைத்தான் பார்த்தாள். அப்புறம்தான் முகத்தை மெல்ல நிமிர்த்தினாள். "எம்புட்டு நேரமா நிக்கிய?" என்றாள். "இப்பதான்" என்றேன். கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. கோபத்தில் இல்லை; கேட் வரை நடந்து பார்க்க வேண்டும் என்ற நினைப்பில் நான் கை நீட்டியதையே கவனிக்கவில்லை.

பின்னாலேயே போனேன். வேப்பமரத்தடியில் நின்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. வலிக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள். என்னிடம் அப்படிச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

உன் அத்தான்
பாலசுப்ரமணியம்